மரக்காணத்திலிருந்து 20 கிலோமீட்டரில் ஓர் உலகப் போர் எல்லை: 1940-ல் புதுச்சேரியில் நடந்தது என்ன?

சனிக்கிழமை காலை சென்னையிலிருந்து ஈசிஆரில் பாண்டிச்சேரிக்குக் கிளம்புகிறவர்களுக்கு மரக்காணம் ஓர் அடையாளம். கண்ணாடி மாதிரி மின்னும் பாத்திகள், வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள், ஓலை போட்டு மூடிய அம்பாரங்கள். வண்டியை ஓரங்கட்டி ஒரு செல்ஃபி எடுக்காமல் யாரும் போவதில்லை. அடுத்த 20 கிலோமீட்டரில் கனகசெட்டிக்குளம் வந்துவிடும். அங்கிருந்து புதுச்சேரி. காலாப்பட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பொம்மையார்பாளையம், அது மறுபடி தமிழ்நாடு. கோட்டக்குப்பம் முடிந்து முத்தியால்பேட்டை தொடங்கினால் திரும்பவும் புதுச்சேரி. மேப்பில் பார்த்தால் காய்வதற்குள் யாரோ மிதித்துவிட்ட கோலம் மாதிரி இருக்கும் இந்த எல்லை. இன்றைக்கு அதைக் கடக்கும்போது மாறுவது மதுக்கடை போர்டும் பெட்ரோல் விலையும்தான்.

1940 ஜூன் கடைசியில் கதை வேறு. மரக்காணம் பக்கம் பிரிட்டிஷ் இந்தியா. ஹிட்லரோடு போரில் இருந்த நாடு. காலாப்பட்டு பக்கம் பிரெஞ்சு இந்தியா. ஜூன் 22 அன்று ஹிட்லரிடம் போர்நிறுத்தம் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்ட நாடு. போலந்தில் தொடங்கிய சண்டை, பத்து மாதத்துக்குள் சவுக்குத் தோப்புக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் இருந்த ஒரு சுங்கச் சாவடி வரை வந்து நின்றது. அடுத்த இரண்டரை மாதம் புதுச்சேரி எந்தப் பக்கம் என்பது உறுதியாகவில்லை.

சர்வாதிகாரிகள் எப்படி எழுந்தார்கள், அதற்குப் பின்னால் உலகமே எப்படிப் போரில் விழுந்தது என்பதைப் பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்திருப்போம். அந்தப் பாடத்தில் வராத பக்கம் இந்தக் கடற்கரையில் இருக்கிறது.

ஓட்டுப் போட்டே கொடுத்த அதிகாரம்

சர்வாதிகாரம் என்றால் ராணுவ டாங்கி, நள்ளிரவுக் கைது என்றுதான் மனதில் படம் ஓடும். அதெல்லாம் பிறகு வந்தது. முதலில் வந்தது பெரும்பாலும் ஒரு நியமன ஆணை, இல்லையென்றால் ஒரு வாக்கெடுப்பு.

இத்தாலியில் 1922 அக்டோபரில் முசோலினியின் கருஞ்சட்டைப் படை ரோம் நகரை நோக்கிக் கிளம்பியது. அதைத் தடுக்க அரசிடம் ராணுவம் இருந்தது. ஆனால், நெருக்கடி நிலை ஆணையில் கையெழுத்துப் போட மறுத்த மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல், முசோலினியையே பிரதமராக அழைத்தார்.

ஜெர்மனியில் முதல் உலகப் போர்த் தோல்வி, பணவீக்கம், அதற்கு மேல் 1929-ல் தொடங்கிய உலகப் பொருளாதாரச் சரிவு. 1932-ல் வேலையில்லாதவர்கள் சுமார் 60 லட்சம் பேர். அந்த ஆண்டு நவம்பர் தேர்தலில் ஹிட்லரின் கட்சிக்குக் கிடைத்தது 33 சதவீத வாக்குகள். முந்தைய தேர்தலைவிடக் குறைவு. பெரும்பான்மை இல்லாத அவரை 1933 ஜனவரி 30 அன்று சான்சலராக நியமித்தவர் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க். ‘பதவியைக் கொடுத்துக் கைக்குள் வைத்துக்கொள்ளலாம்’ என்று பழமைவாதத் தலைவர்கள் போட்ட கணக்கு அது. பிப்ரவரி 27 அன்று நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்தது. மறுநாளே அடிப்படை உரிமைகள் ரத்து. மார்ச் 23 அன்று, நாடாளுமன்றத்தைக் கேட்காமலேயே சட்டம் இயற்றும் அதிகாரத்தை ஹிட்லர் அரசுக்கு அதே நாடாளுமன்றம் கொடுத்தது. ஆதரவு 444, எதிர்ப்பு 94. எதிர்த்து நின்றது சமூக ஜனநாயகக் கட்சி மட்டும். தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த 81 கம்யூனிஸ்ட் உறுப்பினர்களை உள்ளேயே விடவில்லை.

ஜப்பானில் இப்படித் தனி ஒரு ஆள் இல்லை. ராணுவம் கொஞ்சம் கொஞ்சமாக அரசை விழுங்கியது. 1931-ல் மஞ்சூரியா ஆக்கிரமிப்பு, 1932-ல் பிரதமர் இனுகாய் படுகொலை, 1937-ல் சீனாவோடு முழுப் போர், 1940-ல் எல்லாக் கட்சிகளும் கலைப்பு.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத வாக்கெடுப்பு பிரான்சுடையது. ஜெர்மனியிடம் தோற்ற சில வாரத்தில், 1940 ஜூலை 10 அன்று, விஷி என்ற ஊரில் கூடிய பிரெஞ்சு நாடாளுமன்றம் 84 வயது மார்ஷல் பெத்தானிடம் முழு அதிகாரத்தையும் ஒப்படைத்தது. ஆதரவு 569, எதிர்ப்பு 80. குடியரசு அதோடு முடிந்தது. ‘சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்’ போய் ‘உழைப்பு, குடும்பம், தாய்நாடு’ வந்தது. அக்டோபருக்குள் யூதர்களை அரசுப் பணியிலிருந்து விலக்கும் சட்டமும் வந்துவிட்டது.

அந்தக் குடியரசின் நாடாளுமன்றத்தில் நம் புதுச்சேரிக்கும் இடம் உண்டு. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஐந்தும் சேர்ந்த பிரெஞ்சு இந்தியா, 19-ம் நூற்றாண்டிலிருந்தே பாரிஸுக்கு உறுப்பினர்களை அனுப்பிவந்தது. அந்தத் தேர்தல்கள் கள்ள ஓட்டுக்கும் அடிதடிக்கும் பேர்போனவை என்பது தனிக்கதை. ஆனாலும், மரக்காணத்தில் பாத்தி மிதித்த தொழிலாளிக்கு இல்லாத ஓட்டு, 20 கிலோமீட்டர் தள்ளி இருந்த அவரது உறவினருக்கு இருந்தது.

நடுவில் ஒரு உப்புக் கணக்கு

புதுச்சேரி எந்தப் பக்கம் போகும் என்ற கேள்விக்குள் போகும் முன், உப்பைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

உப்புத் தொழில் வெளியிலிருந்து பார்க்க எளிமையானது. உப்பங்கழித் தண்ணீரைத் தெப்பத்தில் தேக்கி, வெயிலில் சுண்டவிட்டு, பாத்தி பாத்தியாக மாற்றி, கடைசியில் பலகையால் வாரிக் குவிப்பது. மழை பெய்தால் போச்சு. ஆனால் பிரிட்டிஷ் ஆட்சியில் இந்த வெள்ளைப் பொருள் ஒரு கஜானா. யார் காய்ச்சலாம், எங்கே சேமிக்கலாம், வரி கட்டாமல் ஒரு மூட்டை வெளியே போகிறதா என்று பார்க்கத் தனி இலாகாவே இருந்தது. அந்த இலாகாவுக்குப் பிரெஞ்சுப் பகுதிகள் கண்ணில் விழுந்த தூசி. அங்கே வரியில்லாத உப்பு விளைந்தால் இரவோடு இரவாக இந்தப் பக்கம் வந்துவிடுமே!

ஆகவே, 1815 மார்ச்சில் லண்டனும் பாரிஸும் ஓர் ஒப்பந்தம் போட்டன. பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை வாங்கும் ஏகபோக உரிமை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு. பதிலுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரான்சுக்கு. 1818-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பிரெஞ்சுப் பகுதியில் உப்பு விளைவிப்பதையே நிறுத்துவது, உப்பளக்காரர்களுக்கு ஆண்டுக்கு 4,000 பகோடா நஷ்டஈடு, ஊருக்குத் தேவையான உப்பைக் கம்பெனியே தருவது என்று முடிவானது. கடலை ஒட்டிய ஊர், சோற்றுக்குப் போடும் உப்பைப் பக்கத்து ஆட்சியிடம் வாங்கும் நிலைமை.

உப்பு ஒரு உதாரணம்தான். புதுச்சேரியின் ரயில் விழுப்புரம் வழியாகத்தான் வந்தது. அதன் கொம்யூன்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தென்னார்க்காடு மாவட்டத்துக்குள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தன. மொத்த பிரெஞ்சு இந்தியாவின் மக்கள்தொகை சுமார் 3 லட்சம். பிரிட்டிஷ் அரசு சுங்கச் சாவடியை இழுத்து மூடினால் சில வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாத நிலப்பரப்பு.

இந்த எல்லைக்கு இன்னொரு முகமும் இருந்தது. 1908-ல் பாரதியும் 1910-ல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் பிரிட்டிஷ் போலீஸிடமிருந்து தப்பித்து மூச்சுவிட்டது இதைத் தாண்டித்தான்.

இரண்டு கவர்னர்கள், இரண்டு துறைமுகங்கள்

1940 ஜூன் 18 அன்று லண்டன் பிபிசி வானொலியிலிருந்து சார்ல்ஸ் தெ கோல் என்ற அதிகம் அறியப்படாத ஜெனரல், ‘போர் முடியவில்லை’ என்று பிரெஞ்சு மக்களுக்கு அழைப்பு விடுத்தார். அவரிடம் அப்போது நாடும் இல்லை, படையும் இல்லை என்றே சொல்லலாம். அவருக்கு நிலம் கொடுக்கக்கூடியவர்கள் காலனிகளின் கவர்னர்கள் மட்டும்தான். உலகம் முழுக்க இருந்த பிரெஞ்சுக் காலனி அலுவலகங்களில் ஒரே கேள்வி: சட்டப்படி அமைந்த பெத்தான் அரசா, சட்டப்படி தேசத்துரோகியான தெ கோலா?

புதுச்சேரியில் கவர்னராக இருந்தவர் லூயி போன்வேன். இருந்த பிரெஞ்சு அதிகாரிகள் எல்லோரும் ஒரே மனநிலையில் இல்லை. விஷி அரசின் ஆணைகளை மீறுவது வேலைக்கும் ஓய்வூதியத்துக்கும் வேட்டு. மறுபக்கம், ஊரிலேயே பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெளியே நாலாபுறமும் பிரிட்டிஷ் இந்தியா. செப்டம்பரில் போன்வேன், பிரெஞ்சு இந்தியா தெ கோல் பக்கம் என்று அறிவித்தார். ‘சுதந்திர பிரான்ஸ்’ என்ற பெயரில் முதலில் சேர்ந்த சில நிலப்பகுதிகளில் புதுச்சேரியும் ஒன்றானது.

துணிச்சலா, வேறு வழியில்லாத நிலைமையா? இரண்டும் இருந்திருக்கலாம். அரிசியும் உப்பும் ரயிலும் எந்தக் கையில் இருக்கிறதோ அந்தக் கையைப் பிடித்துக்கொள்வது எளிது. ஆனால் இதே கேள்விக்கு வங்கக் கடலுக்கு அப்பால் கிடைத்த பதிலைப் பார்த்தால்தான் புதுச்சேரி முடிவின் எடை புரியும்.

அப்பால் இருந்தது பிரெஞ்சு இந்தோசீனா, அதாவது இன்றைய வியட்நாம், லாவோஸ், கம்போடியா. அதன் பெரிய துறைமுகம் சைகோன். புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்கு அது அந்நிய ஊர் கிடையாது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் அங்கே அரசு எழுத்தர்களாக, காவலர்களாக, வரி வசூலிப்பவர்களாக இருந்தார்கள். மாரியம்மன் கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. அங்கிருந்த கவர்னர் ஜெனரல் கத்ரூவை விஷி அரசு பதவியிலிருந்து தூக்கியது. அவர் தெ கோலிடம் போய்ச் சேர்ந்தார். அடுத்து வந்த அட்மிரல் ழான் தெக்கூ, பெத்தானுக்கு விசுவாசமாக இருந்தார். புதுச்சேரி தெ கோல் பக்கம் போன அதே 1940 செப்டம்பரில், ஜப்பானியப் படை வட வியட்நாமுக்குள் நுழைந்தது. 1941 ஜூலையில் தெற்கும் அதன் வசம் வந்தது. பிரெஞ்சுக் கொடி பறந்தபடியே இருந்தது. விமானத் தளங்கள் மட்டும் ஜப்பானியருடையவை ஆகிவிட்டன.

1941 டிசம்பர் 10 அன்று சைகோன் பகுதித் தளங்களிலிருந்து கிளம்பிய ஜப்பானிய விமானங்கள், மலேயாவுக்கு அருகே பிரிட்டனின் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களை மூழ்கடித்தன. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8-ல் ரங்கூன். மார்ச் 23-ல் அந்தமான். ஒரு கவர்னர் மாளிகையில் எடுத்த முடிவு, பதினெட்டு மாதத்தில் வங்கக் கடலின் நடுப்பகுதி வரை வந்துவிட்டது.

புதுச்சேரியும் சைகோன் வழியில் போயிருந்தால்? பிரிட்டிஷ் படை சில மணி நேரத்தில் உள்ளே புகுந்திருக்கும் என்பதே நடைமுறை பதில். எதிர்த்து நிற்கப் புதுச்சேரியிடம் சொல்லிக்கொள்ளும்படி படை இல்லை. ஆனால் சென்னைக்கும் திரிகோணமலைக்கும் இடையில் ஒரு விஷித் துறைமுகம் என்ற நினைப்பே டெல்லியின் தூக்கத்தைக் கெடுக்கப் போதுமானது.

1942 ஏப்ரல்: கடல் பக்கம் பார்த்த கண்கள்

அந்த ஆண்டு ஏப்ரல் முதல் வாரம், பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அதே ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல் படை இந்தியப் பெருங்கடலுக்குள் வந்தது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது. 6-ம் தேதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். 9-ம் தேதி திரிகோணமலை. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹெர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. மரக்காணம் கரையிலிருந்து திரிகோணமலை நேர்க்கோட்டில் 400 கிலோமீட்டர் சொச்சம்.

சென்னையில் அவசியமில்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்று அரசே சொன்னது. அரசு அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்கு மாற்றப்பட்டன. கட்டை வண்டியிலும் ரயிலிலும் மக்கள் கிளம்பினார்கள். வீடுகள் அடிமாட்டு வாடகைக்குக் கிடைத்தன. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று, பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த உயிரியல் பூங்காவின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஜப்பானியப் படை கரையேறவே இல்லை. அந்தச் சிங்கங்களும் புலிகளும் செத்ததுதான் மிச்சம்.

உண்மையான அடி வேறு வழியில் வந்தது. பர்மா அரிசி நின்றுபோனது. சென்னை மாகாணம் அதை நம்பி இருந்த மாகாணம். 1943-ல் ரேஷன் முறை வந்தது. பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடின. பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் மலைக்காடு வழியே நடந்து வந்தார்கள். அதில் தமிழர்கள் ஏராளம். மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களைச் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்கு ஜப்பானியர் கொண்டுபோனார்கள். பல்லாயிரம் பேர் காலராவிலும் பசியிலும் அங்கேயே இறந்தார்கள். ‘ஆசியா ஆசியருக்கே’ என்று முழங்கிய ராணுவம் செய்த வேலை இது.

யாரைக் கேட்டார்கள்?

சரி, இது சர்வாதிகாரத்துக்கும் ஜனநாயகத்துக்கும் நடந்த போர் என்றால், மரக்காணம் உப்பளத் தொழிலாளி எந்தப் பக்கம்?

அவரை யாரும் கேட்கவில்லை. 1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியாவும் போரில் இருக்கிறது என்று அறிவித்தார். மத்திய சட்டமன்றத்தைக் கேட்கவில்லை. தேர்தலில் ஜெயித்து மாகாணங்களை ஆண்ட காங்கிரஸைக் கேட்கவில்லை. அக்டோபர் இறுதியில் சென்னை மாகாணப் பிரதமர் ராஜாஜி ராஜினாமா செய்தார். 1930-ல் வேதாரண்யத்தில் உப்பு அள்ளிச் சிறைக்குப் போனவர் அவர். அந்த உப்பு வரி, சுதந்திரத்துக்காகப் போரிடுவதாகச் சொன்ன அரசால் போர்க்காலம் முழுக்க வசூலிக்கப்பட்டது.

இந்தியத் தலைவர்களுக்குப் பாசிசம் புரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1936-ல் ரோம் வழியாகத் திரும்பியபோது முசோலினியின் அழைப்பை நேரு மறுத்தார். 1938-ல் குண்டு விழுந்துகொண்டிருந்த பார்சிலோனாவுக்கே போனார். ‘சுதந்திரத்துக்காகச் சண்டை போடச் சொல்கிறீர்கள், அந்தச் சுதந்திரம் எங்களுக்கு எப்போது?’ என்பதே காங்கிரஸின் கேள்வி. எதிரிக்கு எதிரி நண்பன் என்று சுபாஷ் சந்திர போஸ் 1941-ல் பெர்லின் போனார். புதுச்சேரியில் இருந்த அரவிந்தர் நேர்மாறான முடிவுக்கு வந்தார். பிரிட்டிஷ் அரசு ஒரு காலத்தில் வெடிகுண்டு வழக்கில் சிறையில் அடைத்த மனிதர், 1940-ல் நேச நாடுகளின் போர் நிதிக்குப் பணம் கொடுத்தார்; 1942 மார்ச்சில் கிரிப்ஸ் திட்டத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்ல வழக்கறிஞர் துரைசாமி ஐயரை டெல்லிக்கு அனுப்பினார். காங்கிரஸ் ஏற்கவில்லை.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். மாஹேயில் பிறந்து, புதுச்சேரியில் படித்து, பாரிஸுக்குப் போன மிச்சிலோத் மாதவன். நாஜிக்கள் பிடித்திருந்த பாரிஸில் எதிர்ப்பு இயக்கத்தோடு சேர்ந்தார். 1942 செப்டம்பர் 21 அன்று மோன்-வலேரியன் கோட்டையில் ஜெர்மானியர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். போஸுக்குச் சிலை வைத்த ஊர்களில் இவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு.

போரில் ஜெயித்த பக்கத்தின் கணக்கும் சுத்தம் கிடையாது. 1943 வங்காளப் பஞ்சத்தில் இறந்தவர்கள் சுமார் 30 லட்சம் பேர் என்பது மதிப்பீடு. அது ஹிட்லரோ ஜப்பானோ பிடித்து வைத்திருந்த நிலம் அல்ல. பிரிட்டிஷ் படையில் சுமார் 25 லட்சம் இந்தியர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் ஆட்சிக்குள்ளேயே நடந்த சாவு.

எல்லைக்கு என்ன ஆனது?

தெ கோல் பக்கம் போனதற்குப் புதுச்சேரிக்கு உடனடியாகக் கிடைத்த பலன், 1941-ல் வந்த சுங்க ஒன்றியம். பிரெஞ்சு இந்தியாவின் துறைமுகங்களில் பிரிட்டிஷ் இந்தியாவின் சுங்க விதிகளே நடைமுறைக்கு வந்தன. நிலத்தில் இருந்த கெடுபிடி தளர்ந்தது. உப்பு வரியை 1947 பட்ஜெட்டில் இடைக்கால அரசு எடுத்தது. மரக்காணத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் பரந்திருக்கும் உப்பளம் சுதந்திர இந்தியாவின் உப்பு இலாகா கைக்கு வந்தது.

பக்கத்தில் பிரெஞ்சு எல்லை மட்டும் போகவில்லை. சர்வாதிகாரத்தை எதிர்த்து ‘சுதந்திர பிரான்ஸ்’ ஆன அதே நாடு, காலனிகளுக்குச் சுதந்திரம் தரும் விஷயத்தில் அவசரம் காட்டவில்லை. 1945-க்குப் பிறகு வியட்நாமில் ஒரு புதுப் போரையே நடத்தியது. 1949-ல் சுங்க ஒன்றியம் முடிவுக்கு வந்து, பழைய கெடுபிடி திரும்பியது. காலாப்பட்டுக்கும் பொம்மையார்பாளையத்துக்கும் நடுவில் மறுபடி மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். 1954 மே மாதம் வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. அந்த ஆண்டு அக்டோபர் 18 அன்று, புதுச்சேரி அருகே கீழூரில் பிரெஞ்சு இந்தியாவின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். இந்தியாவோடு இணைய ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1 அன்று மரக்காணத்திலிருந்து காலாப்பட்டுக்கு மூட்டையைப் பிரிக்காமல் போக முடிந்தது.